உடன் வந்தவரின் நாற்காலி

நிலவின் எரிமலைக் குகைகளுக்குள் இருந்த அந்த நகரத்தில், காலையில் பல் துலக்கியதும் எல்லோரும் தங்கள் எடைக்குச் சமமான ஈயப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். கட்ட மறந்து அவசரமாக எழுந்தால் தலை கூரையில் இடிக்கும். பட்டை கட்டிய காலடி ஆளுக்கு ஒரு விதமாக ஒலிக்கும். பிறவியிலேயே பார்வையில்லாத பூரணி, அந்த ஒலியை வைத்தே பாதி நகரத்தைப் பெயர் சொல்லி அழைப்பாள்.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. காற்றுக் குழாய்களில் காதை வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் வேலை. தங்கியிருந்தது மாற்றுத்திறனாளி இளைஞர் விடுதியில். அங்கே உணவு நல்லது, படுக்கை நல்லது, கண்காணிப்பு அவற்றைவிட நல்லது. கதவுகளுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் கிடையாது. குளிக்கும்போதுகூட யாராவது எட்டிப் பார்த்து, "பாத்தும்மா, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கிழக்குக் குகையில் தாழ்ப்பாள் வைத்த அறை ஒன்று காலியாக இருந்தது. அவள் தனியாக வாழத் தரமானி அனுமதித்தால் அது அவளுக்கு. மறுத்தால் அடுத்த நேர்காணல் மூன்று வருடம் கழித்துத்தான்.

தரமானி என்பது வாழ்க்கைத்தரத்தை மதிப்பிடும் இயந்திரம். ஆளைப் பார்த்து மதிப்பிடும் குணம் வந்துவிடக் கூடாதென்று அதற்குக் கண் வைக்கவில்லை; குரலை வைத்து ஆளை அடையாளம் காணவும் கற்றுத்தரவில்லை. நாற்காலியில் எடை விழுந்தால் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இருபத்தோராம் நூற்றாண்டில் பூமியின் அலுவலகங்களில் பதிவான எண்பதாயிரம் மணி நேரப் பேச்சுகளைக் கேட்டு, மனிதர்களிடம் கனிவாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தது.

வெளிக்கூடத்தில் அவளுக்கு அடுத்ததாகக் காத்திருந்தவன் விடுதித் தோழன் ரிஸ்வான். கால்கள் நடக்காது, வாய் நிற்காது.

"போன வாரம் ஏழு பேர் போனாங்க. ஏழும் ஃபெயில். பாத்துப் பேசு."

"எப்படிடா பாக்கறது?"

"சரி தாயே, கேட்டுப் பேசு."

உள்ளே இரண்டு நாற்காலிகள். இடதுபுறம் விண்ணப்பதாரருக்கு, வலதுபுறம் உடன் வந்தவருக்கு. பூரணி இடதுபுறம் உட்கார்ந்தாள்.

"வணக்கம். இவங்க பேர் என்ன?" என்று தரமானி வழக்கப்படி வலது நாற்காலியைக் கேட்டது.

"என் பேர் பூரணி."

"கூட வந்தவங்க சொல்லட்டும்."

"யாரும் வரலீங்க. தனியாத்தான் வந்தேன். தனியா இருக்கத்தானே அனுமதி கேக்கறேன்?"

"பாவம், யாருமே இல்ல போல," என்று இயந்திரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு, "பத்து நிமிஷத்துல யாராவது வரணும். இல்லன்னா விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ணிடுவேன்" என்றது.

பூரணி சுவருக்குப் பின்னால் காற்று ஓடுவதைக் கேட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது நிமிடம் ஈயப் பட்டையை அவிழ்த்தாள். அதை இடது நாற்காலியில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மிதந்தாற்போல் வலது நாற்காலிக்கு மாறினாள்.

"வந்துட்டேங்க. இவளோட எப்பவும் கூட இருக்கறவ."

தரமானியின் குரல் குழைந்தது. "வாங்க வாங்க! சாப்டீங்களா?"

இடது நாற்காலியை அது சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"இவங்க சமைப்பாங்களா?"

"எனக்கும் சேத்து இவதான் சமைக்கிறா."

"கோவம் வருமா?"

"இப்பக்கூடக் கோவமாத்தான் இருக்கா. காட்டிக்கல."

"சந்தோஷமா இருக்காங்களா?"

பூரணி நாற்காலியின் கைப்பிடியை விரலால் ஒருமுறை தடவினாள்.

"கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா, இருப்பா."

தரமானி இடது நாற்காலியின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தியது. "பூ...ர...ணி! நல்...லா... இருக்கீங்களா?"

ஈயப் பட்டை பதில் சொல்லவில்லை.

"ரொம்ப அடக்கமான பொண்ணுங்க," என்று வலது நாற்காலியிடம் மெச்சியது தரமானி. "தனியா வாழ அனுமதி தர்றேன். ஒரே ஒரு நிபந்தனை. நீங்க இவங்களை விட்டுப் பிரியவே கூடாது."

"பொறந்ததுலேந்து பிரிஞ்சதில்லீங்க."

வெளியே வந்தவளைப் பார்த்து ரிஸ்வான் பதறினான். "என்ன கேட்டுச்சு?"

"என்னை ஒண்ணுமே கேக்கல. பாஸ்." அவள் அவன் காதருகே குனிந்தாள். "உன் பட்டையைக் கழட்டிக் கையில வச்சுக்கோ, சொல்றேன்."

அதற்குப் பிறகு அந்த ஆண்டு விடுதியிலிருந்து விண்ணப்பித்த நாற்பது பேரும் தேர்ச்சி பெற்றார்கள். நகர நிர்வாகம் மகிழ்ந்துபோனது. விண்ணப்பதாரர்கள் வாயே திறப்பதில்லை, ஆனால் உடன் வருகிறவர்கள் எல்லோரும் அபாரமான விவேகிகள் என்று தரமானி அறிக்கை கொடுத்திருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பூரணியின் கதவிடுக்கு வழியாக ஓர் அழைப்பிதழ் வந்து விழுந்தது. அவள் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, புடைத்த புள்ளிகளை விரலால் வாசித்தாள்.

"உடன் வந்தவர்களுக்குப் பாராட்டு விழா. இடவசதி குறைவாக இருப்பதால், விண்ணப்பதாரர்களை அழைத்துவர வேண்டாம்."