பலகையில் தொங்கிய ஆறு தகடுகள்

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் எல்லோரும் கரையேறிய பிறகும் பலகையில் ஆறு தகடுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

கப்பலின் டாங்கித் தளத்துக்குள் போகிறவன் தன் பித்தளைத் தகட்டை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் கதவை மூடி முத்திரையிடலாம். இந்த ஆறும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்று நாளாக டெல்பர்ட் அவற்றைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டான். மூன்று நாளும் அவை திரும்பி வந்தன. தொட்டால் விரலில் கரி ஒட்டியது.

போர் முடிந்து ஒரு வருடம். புளோரிடாவின் ஆற்றில் வேலையற்ற போர்க்கப்பல்கள், காற்றுப் புகாமல் மூடிப் பல வருடம் நிறுத்திவைப்பதற்காக, ஒன்றையொன்று ஒட்டி நின்றன. டெல்பர்ட்டின் கப்பல் டாங்கிகளைச் சுமந்து போய்க் கரையில் இறக்கிய கப்பல். பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்தான். அவன் அதன் எழுத்தர். சேவை வரலாற்றைத் தட்டச்சு செய்து கொடுத்து, கதவை மூடலாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டால் நாளைக் காலை ஒஹையோவுக்கு ரயிலேறலாம். அவன் பார்த்தேயிராத மகள் அங்கே நடக்கப் பழகிவிட்டாளாம்.

எட்டுப் பக்கம் தடங்கலில்லாமல் வந்தது. எந்தத் தீவு, எத்தனை டாங்கி, காயம்பட்ட எத்தனை பேரைத் திருப்பிக் கொண்டுவந்தோம், எல்லாம். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி அடித்தான்: ‘எதிரி விமானம் மோதியதில் டாங்கித் தளத்தில் ஆறு பேர் அக்கணமே உயிரிழந்தனர். கதவுக்குப் பின்னால் சத்தம் எதுவும் கேட்கவில்லை.’

கேட்டது. தீ வெடிமருந்துக்குப் பரவக் கூடாது, கதவை மூடு என்றார் கேப்டன். எட்டு இரும்புப் பிடிகளையும் முறுக்கியவன் டெல்பர்ட்தான். உள்ளே இருந்தவர்கள் பதினோரு நிமிடம் தட்டினார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அன்றைக்கு மரத்துப்போன மனசு இன்னும் அப்படியே இருந்தது. பொய்யை அடித்தபோது விரல்கூடத் தயங்கவில்லை.

முத்திரையிடும் குழுவின் தலைவர் ஹாய்ட் வாசலில் நின்று சிரித்தார்.

“என்னய்யா எழுத்தரே, பலகையில கடை விரிச்சிருக்க?”

“பழைய தகடு, சீஃப். யாரோ விளையாடறாங்க. நீங்க கண்டுக்காதீங்க. உள்ளே யாருமில்ல.”

“அப்ப கையெழுத்தைப் போடு. அப்புறம் என் தலையை உருட்டினா சும்மா இருக்க மாட்டேன்.”

‘பலகை காலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஹாய்ட் சாப்பிடப் போனார்.

அந்த ஆறையும் உள்ளேயே விட்டுவிட வேண்டும் என்று டெல்பர்ட்டுக்குத் தோன்றியது. அவை உள்ளே, கதவு மூடி, அவன் ஊரில். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழக்கதோஷத்தில் தன் தகட்டை மாட்டிவிட்டு டார்ச்சுடன் நுழைந்தான்.

ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் எங்கோ விடாமல் முனகியது. புதுப் பெயின்ட்டின் வாடைக்கு அடியில் பெட்ரோல் வாடையும், அதற்கும் அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத கருகிய முடியின் வாடையும் வெக்கையோடு சேர்ந்து எழுந்து, அவன் நடக்க நடக்கத் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பயம் வரவில்லை. வர வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. இரும்பு கொப்பளித்திருந்த மூலையில் குனிந்து, தகடுகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தான். ஆறு.

வாசல் பக்கம் குரல் கேட்டது. ஹாய்ட்டின் ஆள் லோமாக்ஸ்.

“சீஃப், தகடு தொங்குதே.”

“எத்தனை?”

“ஏழு.”

டெல்பர்ட் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் பாய்ச்சினான். தரை வெறுமையாக இருந்தது.

“சாப்பாட்டுக்கு முன்னால ஆறு, இப்ப ஏழா? குட்டி போட்டிருக்கும். கண்டுக்காதேன்னு எழுத்தரே சொல்லிட்டான், கையெழுத்தும் போட்டாச்சு. மூடு.”

கத்தினான். இயந்திரம் அதை விழுங்கியது. ஓடினான். வெளிச்சக் கீற்று ஒல்லியானது. அறுந்தது. டார்ச் எங்கோ விழுந்து அணைந்தது.

முதல் பிடி முறுகியது. இரண்டு. மூன்று. உள்பக்கப் பிடிகளை நேற்றே கழற்றியிருந்தார்கள்.

எட்டு.

உள்ளங்கையால் தட்டினான். முஷ்டியால் தட்டினான். அப்போதுதான், அன்றைக்குப் பிறகு முதல்முறையாக, பயம் வந்தது.

அவன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை தட்டியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இடப்பக்கம். தலைக்கு மேல். சூடான தோள்கள் அவனை இருபுறமும் நெருக்கின. கதவு முழுக்கக் கைகள். இரும்பு அதிர்ந்தது.

“பசை பூசறதுக்கு முன்னால காதை வெச்சுக் கேளு,” என்றார் ஹாய்ட் வெளியே. “உள்ளே ஏதாவது சத்தம் வருதா?”

ஏழு பேரும் தட்டினார்கள்.

“சத்தம் எதுவும் கேக்கல, சீஃப்.”