கடைசிப் பெயர்

பொத்தானை அழுத்தியதும் காளிதாஸ் மறையவில்லை. அவனுக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு வீடியோ விளக்குப் பிடித்து நின்ற மைதிலி மறைந்தாள். திரையில் குழந்தை மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

சபரிநாதன் கண்ணைக் கசக்கினான். மடியில் அதே குழந்தை, மூன்று வயது இலக்கியா, முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிபாளையத்தில் கல்யாண வீடியோ வெட்டுகிறவனுக்குப் பாதிப் பிழைப்பு பங்காளிச் சண்டையில்தான். பந்தலில் கட்டிப்பிடித்தவர்கள் ஆல்பம் வருவதற்குள் அரிவாள் தேடுவார்கள். அவன் மூஞ்சியை அழி என்று வந்து நிற்பார்கள். பிரேம் பிரேமாக அழித்து விரல் தேய்ந்து எலும்பே எட்டிப் பார்த்ததால், சபரி பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். முகத்துக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் ஆள் காலி.

“ஏனுங் தம்பி, அந்தப் பங்காளி காளிதாஸ் இன்னும் இளிச்சுட்டுத்தான நிக்கறான்?” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த மயில்சாமி, வீடியோவிலிருந்த மாப்பிள்ளையின் அப்பா.

“ஒரு நிமிசமுங்க.”

ஸ்கிரிப்டின் வரிகளைப் பார்த்தான். கத்துக்குட்டி செய்யும் தப்பு. ஒரே கட்டளையை லூப்பில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுப் பொத்தான்களைச் செய்திருந்தான். எல்லாப் பொத்தானும் பட்டியலின் கடைசிப் பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது. எதை அழுத்தினாலும் கடைசி ஆள்தான் போவார். கடைசியாக இருந்த மைதிலி என்ற பெயர் இப்போது பட்டியலில் இல்லை.

மனைவியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று, அவள் ஆல்பம் ஒட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பினான். காவிரியே காதைப் பொத்திக்கொள்ளும்படி தெருவெல்லாம் தறிகள் இரைந்தன. அந்த இரைச்சலிலும் தனியாகக் கேட்கும் அவள் வளையல் கேட்கவில்லை. பசையின் மணமும் இல்லை.

“மைதிலி?”

“எந்த மைதிலிங்க?” என்றார் மயில்சாமி.

சுவரில் அவனும் மைதிலியும் எடுத்த கல்யாணப் படம். மாலையோடு அவன் மட்டும். அவன் கட்டிய தாலி காற்றில் நின்றது.

விரல் தானாக ‘மீட்டெடு’ பொத்தானுக்கு ஓடியது. தொடுமுன் நின்றது. அதுவும் அந்த லூப்பில் செய்ததுதான். திரையில் ஜன்னலை மூடும் பொத்தானும் அப்படித்தான்.

பட்டியலின் அடியைப் பார்த்தான்.

கடைசிப் பெயர், இலக்கியா.

மவுஸிலிருந்து கையை எடுத்தான். மெல்ல. மூச்சுகூட விடாமல்.

“நானு அமுக்கறேன்ப்பா!”

முறுக்குத் தூள் ஒட்டிய சின்னக் கை.

“வேண்டாஞ் சாமி—”

க்ளிக்.

மவுஸ் மேல் முறுக்குத் தூள். மடியில் சூடு. அது மட்டும்.

“இன்னும் நிக்கறானுங்களே தம்பி,” என்றார் மயில்சாமி. “மறுக்கா ஒருக்கா அமுக்குங்க.”