மத்தியானத்தில் மட்டும் நெட் இல்லை

“எங்கப்பா வீட்டுல தினமும் மத்தியானம் என்னமோ நடக்குது. அது என்னன்னு எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்.”

சக்கரம் வைத்த பெட்டியைப் படியில் இடித்துக்கொண்டே கடைக்குள் வந்த பெண், உட்காரச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். கல்லாவில் இருந்த கொழுந்தன் கையிலிருந்த சார்ஜர் ஒயரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். கொஞ்ச நாளாகப் பின்னறைக்கு ஒரு வழக்கும் வராமல் அவனுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

கடையின் முன்பக்கம் அவனுடையது. போன் உறை, சார்ஜர், ஹெட்போன் எல்லாம் விற்பான். பின்னறை அவன் அண்ணனின் மனைவியுடையது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு அதே வேலையைத் தனியாகச் செய்ய ஆரம்பித்தவள். கொழுந்தன் வாய்க்கு வாய் ‘அண்ணி, அண்ணி’ என்றதில், அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தக் குடும்பத்தில் அவசரப்படும் பொறுப்பு முழுவதையும் கொழுந்தனே எடுத்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி குடிங்க. அப்புறம் முதல்லேருந்து சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

வந்தவள் வேறொரு ஊரில் பல் மருத்துவர். அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இந்த ஊரில்தான், அவள் பிறந்த அதே வீட்டில் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் அடி. அப்போதிலிருந்து பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறாள். ஹாலில் ஒரு கேமரா. வேலைக்கு நடுவே மகள் தன் போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள்.

“மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கேமரா அணைஞ்சு போயிடுது. சாயங்காலம்தான் திரும்ப வருது. தினமும் இதே கதை. சிஸ்டரைக் கேட்டா ஒரு நாள் ‘நெட் போச்சு மேடம்’னு சொல்றாங்க, இன்னொரு நாள் ‘கரன்ட் இல்ல மேடம்’. அப்பா அந்த நேரம் தூங்கறதா சொல்றாங்க. நேத்து சொல்லாம கொள்ளாம வந்து நின்னேன். நான் வந்தது சாயங்காலம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“வீட்டுக்கு நெட் எப்படி வருது?”

“லைன் இழுக்கல. தனியா ஒரு போன் வாங்கி, ஹாட்ஸ்பாட் போட்டு, ஹால் அலமாரில சார்ஜர்லயே மாட்டி வச்சிருக்கேன். கேமரா, டிவி ரெண்டும் அதுலதான் ஓடுது. யாரும் அதைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“அந்த போனுக்கு யாராவது கூப்பிடுவாங்களா?”

“மாட்டாங்க. கால் வந்தா நெட் விட்டுப்போகும்னு நானே கூப்பிடறதில்ல. அப்பாகிட்ட பேசணும்னா சிஸ்டர் போனுக்குத்தான் பண்ணுவேன். அவரோட சொந்த போன் அவர் விழுந்தப்பவே நொறுங்கிடுச்சு.” அவள் குரல் இறங்கியது. “இன்னிக்கு சிஸ்டரைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டு, அப்பாவை என்கூட கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். அவர் துணிக்குன்னு இப்பத்தான் இந்தப் பெட்டிகூட வாங்கினேன். அவர் வரமாட்டேங்கிறார். ஏன்னு கேட்டா சுவரைப் பாக்கறார். அந்தப் பொண்ணு அவரை மிரட்டி வச்சிருக்காளோன்னு பயமா இருக்கு.”

கொழுந்தனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “அண்ணி, இது ஹேக்கர் வேலை. இல்லன்னா சிக்னலை மறிக்கிற மெஷின் யாரோ பக்கத்துல வச்சிருக்கான்.”

“இருக்கலாம்,” என்றாள் அண்ணி. அவள் ‘இருக்கலாம்’ என்றால் இல்லை என்று பொருள். “கேமரா படம் சேமிப்புல இருக்குமே, காட்டுங்க. அணையறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு, திரும்ப வந்ததும் முதல்ல ஒண்ணு.”

மூவரும் சிறிய திரைமேல் குனிந்தார்கள். அணைவதற்கு முன்: பெரியவர் சாய்வு நாற்காலியில், சாயம் போன பழைய பனியனில். பின்னால் கூடை நிறையத் துவைத்த துணி. திரும்ப வந்த பின்: அதே பெரியவர், அதே நாற்காலி, ஆனால் உடம்பில் காலர் வைத்த சட்டை, தலை படிய வாரியிருந்தது. கூடை காலி. பக்கத்தில் இஸ்திரி போட்ட துணி மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தது. வேறு நாட்களின் படங்களிலும் அப்படித்தான்.

“இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணி,” என்றான் கொழுந்தன்.

“அப்படியா?” என்று அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீடு நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. கதவைத் திறந்த நர்ஸுக்கு முகம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து அழுதிருக்கிறாள். பெரியவர் நாற்காலியில் கோட்டை போல உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிய அண்ணி, பக்கத்தில் கிடந்த பெரியவரின் ரப்பர் செருப்பைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கொழுந்தனும் பின்னாலேயே எடுத்துப் பார்த்தான். அடிப்பாகத்துப் பள்ளங்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல்துண்டுகள் ஒட்டியிருந்தன. சேறு இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். நூலை வைத்து என்ன சொல்வது?

அண்ணி நேராகச் சமையலறைக்குப் போனாள். மைக்ரோவேவ் அடுப்பின் முகத்தில் பச்சை எழுத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டாள், சரியாக இருந்தது.

“சிஸ்டர், நேத்து மத்தியானமும் கரன்ட் போச்சா?”

“ஆமாங்க. ரொம்ப நேரம் வரல.”

“இதுல மணி யார் வச்சது?”

“எனக்கு அதெல்லாம் வைக்கத் தெரியாதுங்க. மேடம் வச்சதுதான்.”

“போன தடவை வந்தப்ப வச்சேன்,” என்றாள் மகள்.

அண்ணி அடுப்பின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினாள். மணி மறைந்து, வெறும் பூஜ்யங்கள் கண் சிமிட்டத் தொடங்கின. நர்ஸ் அதைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அண்ணி அவள் தோளை லேசாகத் தட்டிவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

அலமாரியில் அந்த போன் சமர்த்தாக சார்ஜரில் இருந்தது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு பெரியவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயாவுக்கு இந்த போன் பத்தி ஏதாவது தெரியுமா?”

“இந்தக் கருமத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் பஸ் ஓட்டினவன். ஸ்டியரிங் குடு, ஓட்டறேன்.”

“நேத்து உங்க பொண்ணு வந்தப்ப இதுல சார்ஜ் அடிமட்டத்துல, சிவப்புல இருந்திருக்குமே?”

மகள் ஆச்சரியத்தோடு தலையாட்டினாள். “ஆமா! சொல்ல மறந்துட்டேன். உங்களுக்கு எப்படி…”

“புது போன், இப்பவே பழுது போல. கடைக்காரனுக்குத் திருப்பிக் குடுத்துடலாம்.”

“பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல!” என்றார் பெரியவர் வேகமாக. “நல்ல போன் அது. ஹாட்ஸ்பாட் போட்டா அப்படித்தான், பேட்டரி மளமளன்னு இறங்கும். கையில வச்சிருந்தாலே சுடும்.”

அண்ணி புன்னகை செய்தாள். பெரியவர் தான் சொன்னதைத் தானே ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“சிஸ்டர், நீங்களும் உட்காருங்க,” என்றாள் அண்ணி. “உங்க மேல தப்பு இல்லைன்னு சொல்லத்தான் இவ்வளவும்.”

பிறகு மகளைப் பார்த்துப் பேசினாள்.

“கரன்ட் போகல. போயிருந்தா அடுப்புல மணி அழிஞ்சிருக்கும். சிஸ்டருக்கு அதைத் திரும்ப வைக்கவும் தெரியாது. சரி, ஹாட்ஸ்பாட்டை மட்டும் யாரோ அணைச்சாங்கன்னு வைங்க. அப்போ போன் பாட்டுக்கு சார்ஜர்ல கிடக்கும், சார்ஜ் முழுசா இருக்கும். ஆனா நேத்து சிவப்புல இருந்துச்சு. அதனால போன் சார்ஜர்ல இல்ல, அணைஞ்சும் இல்ல. வேற எங்கயோ இருந்து யாருக்கோ நெட் குடுத்துக்கிட்டிருந்துச்சு. போன் வெளிய போனா வீட்டு நெட்டும் கூடவே போயிடும். கேமரால படக்கூடாதுன்னு, கிளம்பறதுக்கு முன்னாடியே ஹாட்ஸ்பாட்டை அணைச்சு, போன இடத்துல திரும்பப் போட்டிருக்காங்க. கேமரா அணையறது அதனாலதான். எந்த ஹேக்கரும் வரல.”

கடைசி வாக்கியம் தனக்கு என்பது கொழுந்தனுக்குப் புரிந்தது.

“சிஸ்டர்தான் எடுத்துட்டுப் போறாங்கன்னு நான் நினைச்சேன்,” என்றாள் மகள்.

“அத்தனை துணிக்கும் இஸ்திரி போட்டது யாரு? தினமும் கேமரா அணைஞ்ச நேரத்துலதான் அந்த வேலை நடந்திருக்கு. சிஸ்டர் வீட்டுலயேதான் இருந்திருக்காங்க. ஆனா தூங்கறதா சொன்ன உங்கப்பா, எழுந்திருக்கும்போது தலை வாரி, நல்ல சட்டையில இருக்கார். தூங்கப் போறவங்க யாரும் பனியனைக் கழட்டிட்டுக் காலர் சட்டை மாட்டிக்க மாட்டாங்க. அலமாரில கிடக்கிற போன் கையில சுடும்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. செருப்புல கலர் கலரா நூல். இந்தப் பக்கம் தையல் கடை ஏதாவது இருக்கா ஐயா?”

“தெருமுனையில, ஒரு அம்மா வீட்டு முன்னறையில,” என்றார் பெரியவர். கோட்டை விழுந்துவிட்டது.

“அப்பா! நீங்க நடந்தா போறீங்க? தடி பிடிச்சுக்கிட்டா?”

“இந்தத் தெரு முடியற வரைக்கும் பிடிச்சுக்குவேன். திரும்பினதும் கக்கத்துல வச்சுக்குவேன்,” என்றார் பெரியவர், கொஞ்சம் வெட்கத்தோடு. “டாக்டர் மெதுவா நடக்கலாம்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. உனக்குச் சொன்னா நீ பயப்படுவே, வேண்டாம்பே.”

நர்ஸ் அப்போதுதான் வாய் திறந்தாள். “முதல் வாரம் ஐயாவுக்குத் தெரியாம பின்னாலயே போய்ப் பாத்துட்டு வந்தேன் மேடம். பத்திரமா போறார், பத்திரமா வர்றார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அதான்…”

“ஒரு நாள் சட்டைக்குப் பட்டன் வைக்கப் போனேன்,” என்றார் பெரியவர். “அந்தம்மா தையல் மெஷின் முன்னால கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வெளிநாட்டு ஆளுங்க டேப்லெட்டுல வந்து, அளவு சொல்லி, துணி பாத்து, ஆர்டர் குடுப்பாங்களாம். அன்னிக்குன்னு நெட் இல்ல. நம்ம வீட்டுல ஒண்ணு சும்மா கிடக்குதேன்னு ஓடிப் போய் எடுத்துட்டு வந்தேன். அப்புறம் தினமும் போறேன். அவங்க வெட்டுவாங்க, நான் அளவு படிப்பேன். விழுந்ததுலேருந்து எல்லாரும் எனக்கே செஞ்சுக்கிட்டிருக்கீங்கம்மா. அங்க போனா, நான் போகலைன்னா ஒரு வேலை நிக்கும். அது எனக்கு வேண்டியிருந்துச்சு.”

மகள் எழுந்து போய் அப்பாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்தாள். பிறகு நர்ஸின் கையைப் பிடித்து, “மன்னிச்சுக்குங்க சிஸ்டர்,” என்றாள். நர்ஸ் மறுபடி அழுதாள், இந்த முறை மூக்கை உறிஞ்சிச் சிரித்துக்கொண்டே.

“அந்தம்மாவை நான் பாக்கணும்,” என்றாள் மகள்.

“நான் முன்னால போய்ச் சொல்லிடறேன். திடுதிப்புனு இத்தனை பேர் போய் நின்னா பயந்துடுவாங்க,” என்று பெரியவர், அண்ணி நீட்டிய போனைச் சட்டைப் பையில் போட்டு, தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இடுப்பில் அடிபட்டவர் போகும் வேகமாக அது இல்லை. மகள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

மற்றவர்கள் போய்ச் சேர்ந்தபோது தையல்கார அம்மா அறையின் முன்பக்கம் வெட்டுமேசையில் கத்திரியோடு நின்றிருந்தார். நரைத்த கூந்தல், கழுத்தில் அளவு நாடா, கண்ணில் கலவரம். பெரியவர் உள்சுவரோரம் துணிச்சுருள்களுக்குப் பக்கத்தில் ஏதோ காவல் காப்பவர் போல நின்றிருந்தார். மகள் தையல்கார அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சட்டென்று, “அப்பா அளவு சரியா படிக்கிறாரா?” என்று கேட்டாள்.

“முதல்ல சென்டிமீட்டரையும் அங்குலத்தையும் குழப்பிக்கிட்டு ஒரு மாப்பிள்ளையோட கோட்டைக் குழந்தைச் சட்டை ஆக்கிட்டாரு,” என்றார் அந்த அம்மா. “இப்ப பரவாயில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். மகளுக்கு மனம் இளகிவிட்டது. “நான் ஒண்ணு பண்றேன். உங்க கடைக்கு ஒரு நல்ல நெட் லைன் போட்டுக் குடுத்துடறேன். வேலை தடைபடாம நடக்கும், போனும் வீட்டுலயே இருக்கும்.”

“வேண்டாம்!” என்றார்கள் பெரியவரும் தையல்கார அம்மாவும் ஒரே குரலில்.

“இந்தத் தெருவுல லைன் சரியா வராதும்மா,” என்றார் அந்த அம்மா, கத்திரியை இடம் மாற்றி வைத்துக்கொண்டே.

கொழுந்தன் அப்போதுதான் பார்த்தான். பெரியவரின் முதுகுக்குப் பின்னால், நீலத் துணிச்சுருளுக்கு மேலே, ஆணியில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டு ஆன்டெனா. தன் கடையிலேயே விற்கிற வகை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பெட்டியில் விளக்கு எதுவும் எரியவில்லை. அதிலிருந்து தொங்கிய ஒயரின் நுனியில் பிளக், சுவரில் படாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. “இங்கதான்…” என்று அவன் வாயைத் திறந்தான். அண்ணியின் செருப்பு அவன் கட்டைவிரல்மேல் ஏறியது.

“தம்பி, உங்கண்ணனுக்கு ஒரு சட்டை தைக்கணும்னு சொன்னியே, அந்த நீலத் துணி என்ன விலைன்னு கேளு,” என்றாள் அவள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “லைன் எதுக்கு? மத்தியானத்துல கேமராவைப் பாக்காதீங்க. அந்த போனுக்கே கூப்பிடுங்க. அது அவர் கையிலதான் இருக்கும். ஒரு நிமிஷம் நெட் விட்டுப்போனா, அந்த நேரம் அம்மா நூல் கோத்துக்குவாங்க.”

மகள் கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், கூப்பிட்டாள். பெரியவரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்து, எதிரில் நிற்கும் மகளைப் பார்த்துக்கொண்டே, “சொல்லும்மா,” என்றார்.

மகள் மறுநாள் பெட்டியோடு தனியாகவே ஊர் திரும்ப முடிவு செய்தாள். நர்ஸுக்குச் சம்பளம் கூடியது. அண்ணியும் கொழுந்தனும் கடைக்குத் திரும்பி நடந்தார்கள். வெயில் தணிந்திருந்தது. கொழுந்தன் நொண்டி நொண்டி வந்தான்.

“அண்ணி, அந்தம்மாகிட்ட சொந்தமா நெட் இருக்கு.”

“இருக்கு.”

“அப்போ அவங்க பாவம் அந்தப் பெரியவரை ஏமாத்தறாங்களா?”

“நாம போனப்ப அந்தம்மா எங்க இருந்தாங்க?”

“மேசைகிட்ட. வாசப்பக்கம்.”

“பிளக் ஆடிக்கிட்டிருந்துச்சே. பக்கத்துல யார் இருந்தா?”

கொழுந்தன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். சைக்கிளில் வந்தவர் மணி அடித்துத் திட்டிவிட்டுப் போனார். “அவரா பிடுங்கினாரு? அப்போ அவருக்கும் தெரியும்! ரெண்டு பேருக்கும் தெரியும்! தெரிஞ்சுமா தினமும் அந்த போனைத் தூக்கிட்டுப் போறாரு?”

அண்ணி நிற்காமல் நடந்தாள்.

“பின்ன, ஒருத்தங்க வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது?”