ஒரு மேசைக்கு எட்டுக் கால்

காலையில் பல்கூடத் துலக்காமல் கூடத்துக்கு வந்த சின்னவள், குனிந்து மேசையை மோந்து பார்த்தாள்.

பெரியவள் அதை அடுப்படியிலிருந்து கண்டாள். கண்டும் காணாதவள் போல அடுப்பைத் தணித்துவிட்டு டம்ளர்களைக் கழுவினாள். இன்று காலை மட்டும்தான். வண்டி வந்து சாமான்களை ஏற்றிவிட்டால் கொழுந்தனும் ஓரகத்தியான இந்தச் சின்னவளும் புது வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதுவரைக்கும் யார் என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று நேற்றே முடிவு செய்திருந்தாள்.

கூடத்தில் இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே நீளம், ஒரே பழுப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருந்தன. சின்னவள் ஜன்னலோரத்து மேசையை மோந்தாள். சுவரோரத்து மேசையை மோந்தாள். மறுபடி ஜன்னலோரத்துக்கு வந்து, ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா..."

"சொல்லும்மா."

"மேசை ஏன் புளிச்ச வாடை அடிக்குது? வினிகர் பாட்டிலுக்குள்ள மூக்கை விட்ட மாதிரி இருக்கு!"

"பூச்சு வாடைதான். நாலு நாள்ல போயிடும்."

"ஓ... பூச்சா?" சின்னவள் அந்த 'ஓ'வை இழுத்த இழுப்பில் பெரியவளின் கையிலிருந்த டம்ளர் ஒரு தரம் நழுவிப் பிடிபட்டது.

முதலில் இருந்தது ஒரே மேசை. அது மாமனார் வாங்கியது. எங்கோ ஒரு விடுதியை மூடியபோது விலைபேசி, நாலு பேரை வைத்துத் தூக்கி வந்ததாகச் சொல்வார்கள். அதன் மேல்தான் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள், பாடம் எழுதினார்கள், அடித்துக்கொண்டார்கள். அவர் போன பிறகும் அவர் உட்கார்ந்த பக்கத்தில் யாரும் தட்டு வைத்ததில்லை. தனிக்குடித்தனம் என்று பேச்சு எழுந்தபோது கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. மேசையில் வந்து முட்டிக்கொண்டது. "அப்பா மேசை எனக்கு" என்றான் பெரியவன். "எனக்கு மட்டும் அவர் அப்பா இல்லையா?" என்றான் சின்னவன். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் மாமியார் பெரிய மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "உடைஞ்சதை எல்லாம் ஒண்ணு சேக்கிறவளாச்சே நீ. இதை ரெண்டாக்கிக் குடு பாப்போம்."

பெரியவளின் கைவேலை அப்படிப்பட்டது. பின்னாலிருந்த கொட்டகையில் உடைந்த கட்டிலின் தலைமாட்டை முதுகாக வைத்துப் பெஞ்சு செய்வாள். கழற்றிப் போட்ட ஜன்னல் கதவு, முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகும். பழைய இழுப்பறை சுவரில் ஏறிச் செடிச்சட்டிகளைச் சுமக்கும். கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் அவற்றை வாங்கிக்கொள்வார். "இந்த வீட்ல ரெண்டு நாள் அசையாம உக்காந்தா என்னையும் அறுத்து அலமாரி ஆக்கிடுவா" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பெருமை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பெரியவளால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

ஒரு மேசையை அறுத்தால் இரண்டு அரை மேசைதான் வரும். இது பெரியவளுக்குத் தெரியாதா? பலகைகளைக் கழற்றித் தரையில் பரப்பி, இப்படி மாற்றி அப்படி மாற்றி அடுக்கிப் பார்த்தாள். எப்படி அடுக்கினாலும் பற்றவில்லை. குட்டி மேசையாகக் கொடுத்தால் இரண்டு முகமும் சுருங்கும். ஒன்றைப் பெரிதாக்கினால் ஒரு முகம் நிரந்தரமாகச் சுருங்கும். புதுப் பலகை வாங்கிச் சேர்க்கலாம்தான். ஆனால் 'அப்பா மேசை'க்குள் கடைப் பலகையா?

கொட்டகையின் மூலையில் அவளுடைய அம்மாவின் இஸ்திரி மேசை நின்றது. நீளமான பலாப்பலகைகள். அதன் மேல் கம்பளியை விரித்து, ஊரார் துணியைத் தேய்த்துத்தான் அம்மா அவளை வளர்த்தாள். கல்யாணமாகி வந்த அன்று கூடவே அதுவும் வந்தது. "கண்டவங்க துணி கிடந்த பலகை... வீட்டுக்குள்ள வேணாம்" என்று மாமியார் வாசலிலேயே சொன்னாள். அன்றிலிருந்து கொட்டகைதான் அதற்கு. கையில் அகப்பட்ட எதையும் அறுத்துவிடும் பெரியவள், அம்மா இறந்த பிறகும் அதில் ரம்பத்தை வைத்ததில்லை.

இந்த மேசைகளுக்காக வைத்தாள்.

இரண்டு மேசைக்கும் சரிபாதி. மாமனாரின் பலகையும் அம்மாவின் பலகையும் மாறி மாறி. நிறம் சேர வேண்டுமே என்று அம்மாவின் பலகைகளுக்குத் தேயிலைச் சாறு பூசிக் காயவிட்டு, மேலே பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை ஊறப்போட்ட வினிகரைப் பூசினாள். பழுத்த பழுப்பு இறங்கியது. கால்களிலும் பாதி பழையது, பாதி உடைந்த கட்டிலினுடையது. வேலை நடுவில் மாமியார் கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் அந்த மேசைப் பலகைதானே?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை" என்றாள் பெரியவள்.

அது பொய். உண்மையைச் சொன்னால் அந்தப் பலகையில் வைத்த சோற்றை மாமியார் தொடுவாளா? பிடுங்கி எறியச் சொல்வாள். அண்ணன் தம்பி மறுபடி முறைத்துக்கொள்வார்கள். அம்மாவின் பலகைக்கு இனிமேல் கொட்டகை மூலைகூட மிஞ்சாது. அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டாள். ஏமாற்றிவிட்டோமோ என்று ஒரு முள் மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

"எதை எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டபடி பெரியவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தான். பின்னால் சின்னவனும் வந்தான். "வண்டிக்காரன் கிளம்பிட்டானாம்."

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். "அக்கா சொல்லட்டும்."

"உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ஜன்னலோரம் இருக்கிறது எங்களுக்கு."

"சரிம்மா. எடுத்துக்கோ."

சின்னவளின் முகம் மாறியது. "உடனே சரின்னுட்டீங்க?"

"வேற என்ன சொல்லணும்?"

"இல்ல... ஒரு பேச்சுக்காவது யோசிப்பீங்கன்னு பாத்தேன். வேணாம். சுவரோரத்து மேசையை எடுத்துக்கிறோம்."

"அதுவும் சரிதான்."

"பாருங்க! இதுக்கும் சரிங்கறாங்க!" சின்னவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப நல்லது ஜன்னலோரம் இருக்கிறதுதான். எனக்கு அதுவே போதும்."

சின்னவன் தலையைச் சொறிந்தான். "ஒரு முடிவுக்கு வாடி. புடவைக் கடையில நிக்கிற மாதிரி நிக்கிறே."

"நீங்க சும்மா இருங்க! ஒரு மேசைக்கு எத்தனை கால்?"

"நாலு."

"இங்க எட்டு நிக்குது! கணக்கு எங்கியோ இடிக்குதா இல்லையா? ஒரு மேசை ரெண்டு மேசையாகி, அளவும் குறையாம நிக்குதுன்னா... ஒண்ணு நிஜம், ஒண்ணு வேஷம்! நேத்து ஃபோன்ல ஒருத்தி செஞ்சு காட்டினா. புதுப் பலகையில டீத்தண்ணிய ஊத்தி, வினிகரையும் இரும்பு நாரையும் கலந்து பூசினா பாட்டன் காலத்துப் பலகை மாதிரி ஆயிடுமாம். நம்ம கொட்டகையில அதே ஜாடி இருக்கு. நானே பாத்தேன்!"

பெரியவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கை.

"அண்ணி..." என்று தயங்கினான் சின்னவன். "இவ பேசறதை விடுங்க. ஆனா நெஜமாவே, எப்படி ரெண்டு வந்துது?"

பெரியவன் மெல்லச் சுவரோரத்து மேசையருகே போய் விரலை மடக்கித் தட்டினான். பிறகு ஜன்னலோரத்து மேசையையும் தட்டினான். காதைச் சாய்த்தான். பெரியவள் அதைப் பார்த்தாள். கட்டின புருஷனும் தட்டிப் பார்க்கிறானே!

"நீங்களுமா?" என்றாள்.

"இல்ல... சும்மா..." அவன் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

உள்ளறையிலிருந்து மாமியார் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

"இங்க பாரு. அன்னிக்கு கொட்டகையில நான் கேட்டப்ப என்ன சொன்னே? எல்லாம் அந்த மேசைப் பலகைன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் அத்தை."

"இப்பவும் அதையே சொல்லு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு!"

பெரியவள் நிமிர்ந்தாள். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்துதான் வந்தது.

"அழுதா ஆச்சா? என் புருஷன் மேசையை என்னடி பண்ணே? வித்துட்டியா? அந்தக் கடைக்காரனுக்குக் குடுத்துட்டு எங்களுக்கு வேஷம் கட்டி நிறுத்தியிருக்கியா? அப்படி மட்டும் இருந்துது... இன்னியோட அந்தக் கொட்டகைக்குப் பூட்டு!"

"அத்தை! இந்த வீட்டுத் துரும்பைக்கூட நான் வெளிய குடுத்ததில்ல. யாருக்கும் குறை வைக்கல. அது மட்டும் சத்தியம். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க... உங்க கால்ல வேணாலும் விழறேன்!"

"கேக்காதீங்கன்னா என்ன அர்த்தம்?" என்றாள் சின்னவள். "நாம ஏன் கேக்கணும்? கவுத்துப் பாத்தா போச்சு. அடிப்பக்கத்துக்கு யாரும் வேஷம் போட மாட்டாங்களாம். அதையும் ஃபோன்லதான் சொன்னாங்க."

"வேணாம்!" பெரியவள் ஓடிவந்து ஜன்னலோரத்து மேசையின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். அவள் அப்படிச் செய்யாமலிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். இப்போது யார் விடுவார்கள்? மாமியார் தலையை அசைத்தாள். அண்ணனும் தம்பியும் பல நாளுக்குப் பிறகு சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள்.

கரும்பழுப்புப் பலகைகளுக்கு நடுவே பளிச்சென்று மஞ்சள் பலகைகள்.

"பாத்தீங்களா!" சின்னவள் கைகொட்டினாள். "புதுப் பலகை! எனக்கு அப்பவே தெரியும். அப்ப நிஜமானது சுவரோரம் இருக்கிறதுதான். அதனாலதான் அதைத் தன் பக்கம் தள்ளி வச்சிருக்காங்க!"

"அதையும் கவுங்கடா" என்றாள் மாமியார்.

கவிழ்த்தார்கள். அதிலும் பாதி கறுப்பு, பாதி மஞ்சள். கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. சின்னவள் விரலை நீட்டி இதை எண்ணினாள், அதை எண்ணினாள். விரல் தானாக மடங்கியது.

"ரெண்டுலயும் அப்பா பலகை சரிபாதி இருக்கு" என்றான் சின்னவன் மெதுவாக. "அண்ணி யாரையும் ஏமாத்தல."

"அந்த மஞ்சள்?" என்றாள் மாமியார்.

பெரியவன் குந்தி உட்கார்ந்திருந்தான். சுவரோரத்து மேசையின் நடுப் பலகையில் கரிந்த தழும்பு ஒன்று. முன்பக்கம் கூர், பின்பக்கம் அகலம். இஸ்திரிப் பெட்டியின் அச்சு. அவன் மனைவியை அண்ணாந்து பார்த்தான்.

"இது... உங்கம்மாவோடது."

இனி மறைக்க என்ன இருக்கிறது? பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமா. எங்கம்மா பலகைதான். துணி தேச்ச பக்கத்தைக் கீழ திருப்பி வச்சேன். கம்பளிக்கு அடியில கிடந்ததால அது நிறம் மாறல. பலகை பத்தல அத்தை... குட்டி மேசையாக் குடுத்தா ரெண்டு பேர் மனசும் நோகுமேன்னு அறுத்தேன். கண்டவங்க துணி கிடந்த பலகைன்னு நீங்க சொன்னது மறக்கல. அதனாலதான் பொய் சொன்னேன். தப்புதான். ஆனா நல்லாத் தேச்சு, சுடுதண்ணி ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டு... அழுக்கு ஒரு பொட்டு இல்ல அத்தை. பிடிக்கலேன்னா எடுத்துடறேன். தூக்கி மட்டும் எறிஞ்சிடாதீங்க."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். தழும்பின் மேல் விரலை வைத்தாள்.

"இது எப்படி ஆச்சு?"

பெரியவளுக்குச் சந்தேகம் வந்தது. காலையிலிருந்து எல்லாரும் அவளைச் சந்தேகப்பட்டார்கள். இப்போது அவளுடைய முறை. "எதுக்குக் கேக்கறீங்க?"

"சொல்லேன்."

"சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. அம்மா பெட்டியை அப்படியே வச்சுட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிட்டாங்க. யாரோ ஒருத்தர் சட்டை, கம்பளி, பலகை எல்லாம் கருகிப் போச்சு. அந்தச் சட்டைக்காரர் வாசல்ல நின்னு பேசின பேச்சு... அம்மா என்னை இறக்கவே இல்ல. தோள்ல போட்டுக்கிட்டேதான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க."

மாமியார் தழும்பின் ஓரத்தை விரலால் வருடினாள். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நீ வந்த அன்னிக்கு உங்கம்மாவும் வாசல்லதான் நின்னாங்க. பலகையை மட்டுமா வெளிய நிறுத்தினேன்? அவங்களையும் உள்ள வாங்கன்னு சொல்லல."

"பழசு எதுக்கு அத்தை..."

"பெரியவனே, மேசையை நிமித்தாதே. இந்தப் பலகைத் திருகாணியைக் கழட்டு. தழும்பு மேல தெரியற மாதிரி திருப்பிப் போட்டு முடுக்கு."

பெரியவள் பதறி எழுந்தாள். "ஐயோ வேணாம் அத்தை! கருகின இடம்... வரவங்க என்னன்னு கேப்பாங்க!"

"கேக்கட்டும். சொல்றேன். நாம நிமிந்து உக்காந்து சாப்பிடற இடத்துல, உங்கம்மா மட்டும் ஏன் குப்புறப் படுத்திருக்கணும்?"

அதைக் கேட்டதும் பெரியவள் உடைந்துபோனாள். இத்தனை வருஷம் கொட்டகையில் மரத்தூளோடு சேர்த்து விழுங்கியதெல்லாம் கேவலாக வெளியே வந்தது. மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அழாதேடி... அழாதே..." என்று சொல்லச் சொல்ல அவளும் அழுதாள். பெரியவன் தட்டிப் பார்த்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், மனைவியின் தோளில் வைத்தான். அவள் தள்ளிவிடவில்லை. அதற்காகச் சாய்ந்துகொள்ளவும் இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க அக்கா. வாய் நீளம் எனக்கு..." என்றவள், இரண்டு மேசைகளையும் ஒரு தரம் பார்த்தாள். "ஆனா அக்கா... எங்க மேசையில அந்த மாதிரித் தழும்பு ஒண்ணும் இல்லையே?"

ஒரு கணம் எல்லாரும் அவளை வெறித்தார்கள். சின்னவன்தான் முதலில் சிரித்தான். "போச்சுடா! மறுபடி ஆரம்பிச்சிட்டா! வண்டியை நாளைக்கு வரச் சொல்லவா?" அழுத கண்ணோடு மாமியார் சிரித்தாள். பெரியவளுக்கும் கேவலின் நடுவே சிரிப்பு வந்து புரையேறியது.

"உங்க மேசைக்குப் போகப் போக நீங்களே தழும்பு போடுவீங்க" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "போம்மா, வண்டிக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு. உன் மேசைக் காலுக்குத் துணி சுத்தணும். இல்லேன்னா வழியில உரசும்."

பெரியவன் கொட்டகையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து பலகையருகே உட்கார்ந்தான். பெரியவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. நீங்க முரட்டுத்தனமா திருகினா பலகை விட்டுப்போயிடும். நான்தான் கழட்டணும்."

அவன் கொடுத்தான். மாமியார் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டாள். முதல் திருகாணி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பெரியவள் உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி, அவசரப்படாமல் திருப்பினாள். மெல்ல இளகிக் கொடுத்தது.