விடுதிப் புத்தகத்தில் எழுதிய வழி

முதலில் அது தண்ணீரின் சத்தம் என்றுதான் சில்வோ நினைத்தார். செர்னிகா மலையிடுக்கில் ஆறு ஒரே குரலில் பேசாது. குறுகிய இடத்தில் உறுமும், குழி விழுந்த இடத்தில் முனகும், பாறைக்கு அடியில் புகுந்து எங்கோ ஒரு மூலையில் போய் இருமும். இந்த மலைகளில் உள்ள அருவிகளையும் இடுக்குகளையும் நடந்தே பார்த்துத் தேய்ந்த கால்கள் அவருடையவை, இதற்கெல்லாம் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் இந்தச் சத்தம் ஒரு பெயரைச் சொன்னது. "ருட்டார், சில்வோ." குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. மலையில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து வாசிப்பவர்கள்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

அவர் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாறையில் ஆணி அடித்துப் பொருத்திய பலகைப் பாதை காலடியில் நசநசவென்று ஈரமாக இருந்தது. முன்னால் போனவர்களின் மழைக்கோட்டுகள் பாறை வளைவில் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அக்டோபர் மாதம், மதியம் இரண்டரை மணி. மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரிந்தது. அந்த வெளிச்சம் கீழே வந்து சேர்வதற்குள் பாதி செத்துப்போயிருந்தது.

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் வந்த நெவென்கா சிரித்தாள். "உன்னை யாரு கூப்பிடப் போறா? நான்தான் ஆறு வருஷமாக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு வருஷமும் முழங்கால் வலின்னு ஒரு கடுதாசி போடுவ. இந்த வருஷம் அந்த முழங்காலுக்கு மனசு இரங்கிடுச்சாக்கும்."

மலைப்பாதையில் ஏறிவிட்டால் அங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். டாக்டராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. நெவென்கா வாயிலிருந்து வந்த அந்த 'நீ' சில்வோவைத் தைத்தது. அவள் தோளில் ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கட்டிய வளையம் ஒன்று தொங்கியது. இடுக்கின் மேல்முனையில் பெரிய அருவிக்குப் பக்கத்தில், அவள் கணவன் பாவ்லேயின் பெயர் பொறித்த தகட்டில் வருஷா வருஷம் அதை மாட்டுவார்கள். பாவ்லே மீட்புக் குழுவில் இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில், இதே ஆற்றில், காணாமல் போன ஒருவரைத் தேடி இறங்கியபோது வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனது.

காணாமல் போனவர் சில்வோ.

அப்படித்தான் ஊர் நம்பியது. நடந்ததோ வேறு. முந்தின ராத்திரி மலைவிடுதியில் தலைநகரத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கு முன்னால் உட்கார்ந்து, தான் ஏறி இறங்கிய பதினான்கு இடுக்குகளைப் பற்றி வாய் ஓயாமல் அளந்துவிட்டார். விடிந்தால் கொட்டுகிற மழை. விடுதியை விட்டுக் கிளம்புகிறவர்கள் எந்த வழியாகப் போகிறோம் என்று அங்கிருக்கும் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதில் பொய் எழுதலாம் என்பதே யாருக்கும் தோன்றாது. அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீறாப்பாகப் பேனாவை எடுத்து, தபால் நிலையத்தில் முப்பது வருஷம் எழுதிப் பழகிய முத்து முத்தான கையெழுத்தில், "செர்னிகா இடுக்கு வழியாகக் கீழே, தனியாக" என்று எழுதினார்.

இடுக்கின் வாசலில் பழுப்பாகப் பொங்கிய தண்ணீரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். காட்டுச் சாலையில் திரும்பி நடந்து அடுத்த பள்ளத்தாக்கில், பெயர் கேட்காத ஒரு சாப்பாட்டு விடுதியில் போய் அறை எடுத்தார். இரண்டு நாள் வறுத்த மீனும் தூக்கமுமாகப் போனது. கைபேசியில் சார்ஜ் இல்லை, அவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் காலை வானொலியில் அவர் பெயர் வந்தது. தேடப் போன ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தியும் வந்தது. விடுதிக்காரர், பேர் தெரியாத அந்த மீட்புக்காரனுக்காக என்று சொல்லி ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் பழச்சாராயம் ஊற்றினார். சில்வோ தன் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு காட்டுக்குள் போய் உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு, வழிதவறியவர் போல் சாலைக்கு வந்து விழுந்தார்.

ஆறு வருஷமாக அந்தச் சாராயத்தின் காரம் தொண்டையிலேயே நிற்கிறது. சவ அடக்கத்தில் நெவென்கா அவரைக் கட்டிக்கொண்டு, "நீயாவது பிழைச்சியே, அவன் சந்தோஷப்படுவான்" என்று அழுதபோது, பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. விழுங்கவில்லை. கடைசியில் இந்த வருஷம் தபால் பெட்டியில் அவள் கடிதத்தைப் பார்த்ததும், போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். இன்றைக்கு, இடுக்கு முடிவதற்குள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

"நெவென்கா," என்றார்.

"சொல்லு."

"அன்னிக்கு... பாவ்லே கிளம்பும்போது ஏதாவது சொன்னானா?"

சொல்ல வந்தது அது இல்லை. நாக்கு தானாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"சொல்லாம இருப்பானா? முட்டைக்கோஸ் சூப்பை அப்பத்தான் தட்டுல ஊத்தினேன். ஃபோன் வந்துச்சு. ஒரு வாய்தான் வச்சான். 'அந்த போஸ்ட் ஆபீஸ்காரனை முதுகுல தூக்கிட்டு வந்து, மிச்சத்தை அவனுக்கு ஊட்டிவிடுறேன், எடுத்து வை'ன்னான்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா ஆளைக் கண்டுபிடிக்காம திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது. அதான் அவன் கொழுப்பு."

சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவள் கண்ணில் ஈரமும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. இரண்டையும் தானே துடைத்தெறிய வேண்டும் என்று நினைத்தபோது கூனிக்குறுகிப்போனார்.

"கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வர்றேன். நீ போ," என்றார்.

"சீக்கிரம் வா. நீ வராம வளையத்தை மாட்ட மாட்டேன்."

அவள் பூட்ஸ் சத்தம் பலகைகளில் தடதடவென்று போய் வளைவுக்கு அப்பால் அடங்கியது. சில்வோ தனியானார். ஈரச் சுண்ணாம்புக் கல்லின் வாசனை, அழுகிய இலையின் வாசனை, அவற்றுக்கு அடியில் மெதுவாக இன்னொன்று ஏறி வந்தது: நனைந்த கம்பளியும் கயிறும் ஆளின் வியர்வையும் கலந்த வாசனை. நெடுநேரம் மழையில் உழைத்த ஒருவன் பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த வாசனை.

"ருட்டார், சில்வோ."

இந்த முறை கீழேயிருந்து வந்தது.

தேடுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பெயரைக் கூப்பிடுவார்கள், பிறகு பதில் வருகிறதா என்று ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார்கள். அந்த ஒரு நிமிஷம் வந்தது. பாறையிலிருந்து சொட்டும் சத்தம் நின்றது. அருவியின் இரைச்சல் நின்றது. சில்வோ வடத்தின் மேல் குனிந்து பார்த்தார். ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளை நுரை பாறையில் மோதிச் சிதறிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அந்த நிசப்தம் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தது. 'இங்கே இருக்கிறேன்' என்றால் போதும். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு நிமிஷம் முடிந்தது. தண்ணீர் மறுபடி உறுமியது.

பாதை அந்த இடத்தில் பாறையைக் குடைந்து போகிறது. சில்வோ உள்ளே ஒதுங்கி, சுவரின் ஒரு பிளவில் முதுகை ஒட்டிக்கொண்டார். பயந்துதான் ஒதுங்கினார். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கடன்காரனைக் கண்டு ஒளிகிறவனைப் போல நிற்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. குடைவின் திறந்த பக்கத்தில், கீழே இருந்த பச்சைக் குழி தெரிந்தது.

அங்கே ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவு வேகத்திலும் அவன் அசையவில்லை. மேலே சிவப்புக் கோட்டு. தலையில் கவசம் இல்லை. தலைமுடி காற்றில் அலைவதுபோல் அலையவில்லை, தண்ணீருக்கு அடியில் அலைவதுபோல் மெல்ல, மிக மெல்ல அலைந்தது. கையில் நுனியில் கொக்கி வைத்த நீளக் கழி. குழியின் அடியில் அதை ஊன்றி, தடவி, எடுத்து, ஒரு அடி தள்ளி மறுபடி ஊன்றினான்.

"இந்தக் குழியும் பார்த்தாச்சு," என்றான் அவன், யாரிடமோ.

பக்கத்தில் யாரும் இல்லை. பதில் கேட்பவன்போல் நிறுத்தினான்.

"தெரியும்பா. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துருவோம். இங்கதான்னு எழுதியிருக்கான்ல?"

மறுபடி நிறுத்தினான்.

"சேச்சே. வேற பக்கமெல்லாம் போயிருக்க மாட்டான். கையெழுத்தைப் பார்த்தியா, எவ்வளவு ஒழுங்கு. அப்படி எழுதுறவன் பொய் சொல்ல மாட்டான்."

கழி இறங்கியது. தடவியது. ஏறியது.

சில்வோவின் கண்களில் நீர் முட்டியது. ஆறு வருஷம். ஒவ்வொரு நாளும். சூப்பு ஆறிப்போன அந்த மதியத்திலிருந்து. இவனை இங்கேயே கட்டிப்போட்டது தன்னுடைய ஒரே ஒரு வரி.

பலகையில் காலடி கேட்டது. மேலேயிருந்து திரும்பி வந்தது.

"சில்வோ? எங்கய்யா நிக்கிற?" நெவென்காவின் குரல். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் பிளவிலிருந்து வெளியே வந்தார். கீழே அவன், மேலே அவள். சொல்லிவிடலாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம். நான் இங்கே வரவே இல்லை, பாவ்லே. பொய் எழுதினேன், நெவென்கா. வீட்டுக்குப் போப்பா. தேடாதே.

வாயைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது.

குளிர்ந்த தண்ணீர். மணலும் ஊசியிலையுமாக. தொண்டைக்குள்ளிருந்து கொட்டி மார்பில் வழிந்தது. மறுபடி முயன்றார். இன்னும் வந்தது. சொல் வரவில்லை. மூச்சும் இல்லை.

கீழே கழி நின்றது. பாவ்லே நிமிர்ந்து பார்த்தான். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கூழாங்கற்கள். ஆனால் அந்த முகத்தில் பொங்கிய சந்தோஷம் மனிதனுடையதுதான். அதைத்தான் சில்வோவால் பார்க்க முடியவில்லை.

கழி நீண்டது. பாறையின் உயரத்துக்கு நீண்டது. கொக்கி சட்டைக் காலரில் நுழைந்தது. ஜாக்கிரதையாக. வலிக்காமல்.

"கிடைச்சுட்டான்," என்றான் பாவ்லே. குரல் தழுதழுத்தது. "எழுதின இடத்துலயேதான் இருக்கான் பாரு."

"சில்வோ?" அவள் குடைவுக்குள் வந்துவிட்டாள். அவர் நின்ற இடத்தைக் கடந்து போனாள். அவள் கோட்டின் நுனி அவர் கையில் உரசியது. "எங்க போய்த் தொலைஞ்சான் இந்த ஆளு?"

அவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நகங்களுக்கு அடியில் மணல். ஆறு வருஷத்து மணல்.

பிறகு காலடியில் பலகை இல்லை. பச்சைக் குழி. குளிர்.

பாவ்லே அவரைத் தன் மடியில் கிடத்திக்கொண்டான். முகத்திலிருந்த பாசியைப் புறங்கையால் துடைத்தான். "பயப்படாதே. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுறோம்," என்று அன்பாகச் சொன்னான். கட்டை விரலால் அவருடைய இமைகளை இழுத்து மூடினான்.

அவை திறந்துகொண்டன.

பாவ்லே பொறுமையாக மறுபடி மூடினான்.

அவை மறுபடி திறந்தன.