நுரையீரலில் சுத்தமான கடல்

ட்ரிங்ங்ங்...!

இன்ஸ்பெக்டர் ரவீந்திரன் ரொட்டி சானாயைப் பாதியில் விட்டுப் போனை எடுத்தார்.

"சார், பாசி ஆராய்ச்சிக்கூடத்துலேருந்து தனுஜா. குகன் கேஸ்ல செல்லனை விட்டுடுங்க!"

"எப்படிம்மா? முகத்துவாரத்துல, செல்லன் படகுக் கயித்துல சிக்கி குகன் செத்துக் கிடந்தான். முதல் நாள்தான் ஃபுட்பால் ஆட்டத்துல ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. ஆமா... நாளைக்கு உனக்கும் செல்லனுக்கும் கல்யாணம்தானே?"

"அதான் சார், மருதாணிக் கையோட மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கிட்டு அழறேன். சீக்கிரம் வாங்க லா!"

போனார். மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"இது குகனோட நுரையீரல் தண்ணி சார்."

அடேங்கப்பா! வட்டம், ஊசி, நட்சத்திரம்... கண்ணுக்குத் தெரியாத பாசிகள் நகைக்கடை மாதிரி மின்னின.

"முப்பது வகை! இப்ப முகத்துவாரத்துத் தண்ணியைப் பாருங்க."

ஒரே வகை!

"கழிவு கலந்து கலந்து மத்ததெல்லாம் செத்துப்போச்சு. அழுக்கைத் தாங்கற இது ஒண்ணுதான் மிச்சம். குகன் இங்க மூழ்கியிருந்தா, நுரையீரல்லயும் இதுதானே இருக்கணும்?"

"அப்போ... எவனோ வேற எங்கயோ முக்கிட்டு, செல்லன் மேல பழி விழட்டும்னு இங்க கொண்டாந்து போட்டிருக்கான்! இந்தப் பக்கம் சுத்தமான கடல் ஏதும்மா?"

"குகன் வேலை பார்த்த ஃபேக்டரி முகத்துவாரத்துலதான் கழிவை விடுது. ஆனா அங்க எடுத்ததுன்னு மாசாமாசம் சோதனைக்கு அனுப்பற தண்ணி மட்டும் ரொம்ப சுத்தமாம் சார்!"

அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்து ஃபேக்டரி. முதலாளி சிவநேசன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"சோதனைக்கு அனுப்புவீங்களே, முகத்துவாரத்துத் தண்ணி... ஒரு பாட்டில் வேணும் சார்" என்றாள் தனுஜா.

"ரெண்டாவே எடுத்துக்கம்மா!"

பழக்க தோஷம்! பின்கட்டுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார்.

தனுஜா கைப்பையிலிருந்து சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள்.

"வட்டம், ஊசி, நட்சத்திரம்... முப்பதும் ஆஜர் சார்!"

ரவீந்திரன் பின்கட்டுக் கதவை உதைத்தார். உள்ளே பெரிய தொட்டி... தூரத்துத் தீவிலிருந்து படகேறி, லோரியேறி வந்த கடல் தண்ணீர்!

"அதிகாரிங்களை ஏமாத்த வச்சிருந்த தண்ணி. குகன் வெளிய சொல்றேன்னான்... இதுலயே முக்கிட்டீங்க!"

சிவநேசன் ஓடினார். தொட்டியோரப் பாசி வழுக்கியது. தொப்!

க்ளிக்! விலங்கு.

செல்லன் வந்துவிடுவான்! தனுஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

"எங்க சார் தப்பு பண்ணேன்?" முனகினார் சிவநேசன்.

"கடலை நாசம் பண்ணீங்களே, அங்கதான்! அதைச் சுத்தமா விட்டிருந்தா ரெண்டு தண்ணியும் ஒண்ணா இருந்திருக்கும். நானும் மாப்பிள்ளையை உள்ள வச்சுட்டு, நாளைக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய் அசடு வழிஞ்சிருப்பேன்!"