நாலணா சைக்கிள்

டிரிங்! டிரிங்! டிரிங்! டிரிங்!

ஒரே நேரத்தில் முப்பது சைக்கிள் மணிகள் அடித்தன. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மதிவதனி சாப்பாட்டுத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குள் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதன் மேல் முப்பது புத்தம் புதிய சிவப்பு சைக்கிள்கள். லாரி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் முப்பதும் சேர்ந்து குலுங்கின.

"இன்னாடி இது, சைக்கிளுக்குக் கல்யாண ஊர்வலமா?" என்றார் ஞானம்மா அக்கா.

ஞானம்மா அக்காவுடையது வாடகை சைக்கிள் கடை. மொத்தம் ஐந்தே சைக்கிள்கள். பின்பக்க மட்கார்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதியிருக்கும். மணிக்கு ஒரு ரூபாய். எடுத்த நேரத்தை அக்கா சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார். பஞ்சர் ஒட்டுவது, பெடல் மாற்றுவது எல்லாம் அவரே.

மதிவதனி ஆறாம் வகுப்பு. அவள் அம்மாவுக்கு நெடுஞ்சாலை ஓரம் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை இருக்கும். அன்றைக்கு மதிதான் நான்காம் எண் சைக்கிளில் சூடாகச் சாப்பாடு கொண்டுபோவாள்.

லாரி எதிர்ப்பக்கம் நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குதித்து இறங்கினார்.

"என் பேர் பரசுராமன். இன்னிலேர்ந்து இங்கே புதுக் கடை. மணிக்கு வெறும் நாலணா!"

இருபத்தைந்து காசுக்கு ஒரு மணி நேரமா! எங்கிருந்தோ மதியின் வகுப்புத் தோழன் ஜெபகுமார் முளைத்தான்.

"மதி! ஒரு ரூபாய்க்கு நாலு மணி நேரம்!"

"நாலு மணி நேரம் ஓட்டினா நீ மெட்ராஸுக்கே போயிடுவ."

"போனா இன்னா? சமுத்திரம் பார்த்துட்டு வருவேன்!"

ஆனால் நாலணாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஓர் அட்டை வாங்க வேண்டும். அதில், 'நான் வேறு எந்தக் கடையிலும் சைக்கிள் எடுக்க மாட்டேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் அட்டை பறிபோகும்.

பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மதியும் போட்டாள். மிச்சமாகும் முக்கால் ரூபாய்க்கு அம்மாவுக்கு முறுக்கு வாங்கிப் போகலாம் என்று நினைத்தாள்.

முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஞானம்மா அக்கா கடையைத் தாண்டும்போது மதியின் முகம் தானாக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் அக்காவே கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா மதி, தலைய அந்தாண்ட திருப்பிக்கினே போற? கழுத்துல சுளுக்கா?"

மதிக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லக்கா… அந்த அட்டை…"

"அட, நீ இன்னா பண்ணுவ? எங்க கம்மியோ அங்க போவாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இந்த அஞ்சையும் அவருக்கே வித்துடறேன். குன்றத்தூர்ல தங்கச்சி வூடு கீது. அங்க போய் வேற வேலை தேடிக்குவேன்."

ஐந்து சைக்கிள்களும் ஒரே சங்கிலியில் வரிசையாக நின்றன. நான்காம் எண்ணின் சீட்டில் தூசி படிந்திருந்தது.

மறுநாள் பள்ளியில், இடைவேளை மணி அடித்ததும் மதி பெஞ்சு மேல் ஏறினாள்.

"இனிமே யாரும் பரசுராமன் கடையில சைக்கிள் எடுக்கக் கூடாது. இது நம்ம வகுப்புச் சட்டம்! யார் யார் சம்மதம்?"

எல்லோரும் கை தூக்கினார்கள். ஜெபகுமார் இரண்டு கைகளையும் தூக்கினான்.

சாயங்காலம் அதே ஜெபகுமார் சிவப்பு சைக்கிளில் காற்றாகப் பறந்து வந்தான். மதி குறுக்கே நின்றாள்.

"ஏய்! சட்டம் இன்னாச்சு?"

"நான் எடுக்கலையே! இது என் தம்பி பேர்ல எடுத்தது."

"உன் தம்பிக்கு மூணு வயசுடா!"

"அதனாலதான் அவனால ஓட்ட முடியல. நான் ஓட்டறேன்."

மதிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சட்டம் ஒரே நாளில் பஞ்சர்!

வீட்டுக்கு வந்தால், வாசலில் பெயிண்ட் வாடை. மதியின் அப்பா தாண்டவராயன் ஊருக்கே போர்டு எழுதுபவர். சுவரில் இரண்டு புதுப் போர்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

முதல் போர்டில் இப்படி இருந்தது: 'பரசுராமன் சைக்கிள் கம்பெனி. ஊரின் ஒரே வாடகை சைக்கிள் நிலையம்.'

இரண்டாவது போர்டு: 'டிசம்பர் 1 முதல் வாடகை மணிக்கு ரூ. 3.'

மதி இரண்டு தடவை படித்தாள். மூன்று ரூபாய்! மூன்று ரூபாய்க்கு எப்படி அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது?

"அப்பா! இதை எப்பப்பா மாட்டப் போறாங்க?"

"ஞானம்மா கடை மூடினதும். ரெண்டையும் ஒண்ணா எழுதினா கூலி குறைப்பியான்னு கேட்டார். அதான் இப்பவே எழுதியாச்சு."

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்!"

அப்பா பிரஷைக் கீழே வைத்தார். "மதி, போர்டு தெருவுக்குப் போற வரைக்கும் அதுல இருக்கிறது நம்ம வாயில வரக் கூடாது. அது தொழில் மரியாதை. ஒருத்தர் விஷயத்தை வெளிய சொன்னா, அப்புறம் எவன் என்னை நம்பி எழுதக் குடுப்பான்?"

மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சொல்லவும் கூடாது. சும்மா இருக்கவும் முடியாது. சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவர்கிட்டயே போய்க் கேள்வி கேட்டா தப்பாப்பா?"

"கேள்வி கேட்கிறது உன் இஷ்டம். போர்டைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளைத் தாள் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. பரசுராமன் கடையில் வழக்கம்போல் பிள்ளைகள் கூட்டம். மதி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தாளை மேசை மேல் வைத்தாள். எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. போர்டு எழுதுபவர் மகள் அல்லவா!

"சார், இதுல ஒரு கையெழுத்து வேணும்."

"ஆட்டோகிராப்பா? குடு பாப்பா, குடு." பரசுராமன் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். சத்தமாகப் படித்தார். "'பிள்ளைகள் வேறு கடைக்குப் போக மாட்டோம் என்று எனக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அதேபோல் நானும் எழுதித் தருகிறேன். ஞானம்மா கடை மூடிய பிறகும்…'"

அதற்கு மேல் அவர் குரல் இறங்கிவிட்டது. ஜெபகுமார் எட்டிப் பார்த்து மீதியைப் படித்தான். "'…ஒரு வருடத்துக்கு நாலணாவுக்கு மேல் வாங்க மாட்டேன்!'"

"சூப்பர் மதி!" என்றது கூட்டம்.

பரசுராமன் பேனாவை மூடினார். "இதெல்லாம் எதுக்கு பாப்பா? என் வாய் வார்த்தை போதாதா?"

"எங்க வாய் வார்த்தை உங்களுக்குப் போதலையே சார். கையெழுத்து வாங்கினீங்களே!"

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"போடுங்க சார்," என்றான் ஜெபகுமார். "எங்க வூட்டு மூணு வயசுப் பையன்கூட உங்களுக்குக் கைநாட்டு வெச்சிருக்கான்!"

"வாடகை ஏறாதுன்னு எந்த ஊர்ல எவன் எழுதித் தருவான்?"

"ஒரு வருஷம் வேணாம் சார். ஆறு மாசம்?"

"முடியாது."

"ஒரு மாசம்?"

பரசுராமனின் முகம் அவர் சைக்கிள்களின் நிறத்துக்கு வந்தது. மேசையை ஓங்கித் தட்டினார்.

"முடியாதுன்னா முடியாது! அந்த அஞ்சு வண்டியும் என் கைக்கு வந்துட்டா, அப்புறம் நீங்க எங்க போவீங்க? நான் கேக்கறதைக் குடுத்துத்தானே ஆகணும்!"

அவருக்கே தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. "அதாவது… நான் இன்னா சொல்ல வந்தேன்னா…"

மதி தன் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். அடுத்து நின்ற பெண்ணும் வைத்தாள். அதற்கடுத்து ஒருவன். அட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. ஜெபகுமார் இரண்டு வைத்தான். "ஒண்ணு என்னுது. ஒண்ணு தம்பிது."

"மணி என்னடா?" என்றாள் மதி.

"நாலு ஆகப் போகுது."

"ஓடுங்க!"

தெருவைக் கடந்து ஓடினார்கள். ஞானம்மா அக்கா கடை வாசலில், பரசுராமனின் குடோனுக்குப் போக மூன்று சக்கர வண்டி நின்றது. நான்கு சைக்கிள்களை ஏற்றியாகிவிட்டது. ஐந்தாவதை வண்டிக்காரர் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கண்ணே! இறக்குங்கண்ணே!"

"ஏத்தறதா இறக்கறதா? முடிவாச் சொல்லுங்க," என்றார் வண்டிக்காரர். "எனக்கு இன்னா, இறக்கினா ரெண்டு கூலி!"

மதி மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. நாளைக்கு அவரே, 'அட்டை உள்ளவங்களுக்கு ஓசி'ன்னு சொன்னா? மறுபடியும் அங்கதானே ஓடுவீங்க?"

அக்கா கேட்டது நியாயம்தான். போன தடவை போட்ட சட்டம் ஒருநாள்கூடத் தாங்கவில்லையே! மதி யோசித்தாள். 'அங்கே போகாதே' என்று சொன்னதால்தான் அது உடைந்தது. பரசுராமனின் அட்டையும் அதையேதான் சொன்னது.

"அக்கா, புதுச் சட்டம் போடறோம். யாரு வேணாலும் எந்தக் கடையில வேணாலும் எடுக்கலாம். ஆனா, 'வேற கடைக்குப் போகாதே'ன்னு சொல்ற அட்டையை யாரும் வாங்கக் கூடாது. அது ஓசியாவே இருந்தாலும் கூடாது. தம்பி பேர்லயும் கூடாது!"

"தங்கச்சி பேர்ல?" என்றான் ஜெபகுமார்.

"இனிமே பொறக்கப் போற பாப்பா பேர்லகூடக் கூடாது!"

"சரி, சரி. ஓட்டையே இல்லை. நான் ஒத்துக்கிறேன்."

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்காரரிடம் சொன்னார்: "இறக்குப்பா. ரெண்டு கூலி வாங்கிக்கோ."

அட்டை இல்லாமல் போனதும், நாலணா வாடகையும் அதிக நாள் நிற்கவில்லை. எதிர்க் கடையே மூடாதபோது, பரசுராமன் யாருக்காக நஷ்டத்தில் சைக்கிள் விடுவார்? டிசம்பர் பிறந்தபோது அவர் கடையிலும் ஒரு ரூபாய்தான். அப்பா ஒருநாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "இன்னிக்கு ஒரு போர்டுல 'ஒரே'ங்கிற வார்த்தையை அழிக்கச் சொன்னாங்க. இன்னொண்ணுல 3-ஐ 1 ஆக்கச் சொன்னாங்க. அழிக்கிறதுக்குத் தனிக் கூலி!"

அதோடு முடியவில்லை. பரசுராமன் எல்லா டயருக்கும் ஓசியில் காற்றடித்துக் கொடுத்தார். உடனே ஞானம்மா அக்கா வாடகையை முக்கால் ரூபாய் ஆக்கினார். மறுவாரம் பரசுராமன் சிறுமிகளுக்காகக் குறுக்குக் கம்பி இல்லாத இரண்டு குட்டி சைக்கிள்கள் வாங்கிப் போட்டார். அக்கா நான்காம் எண்ணுக்குப் புதுச் சீட்டு மாட்டினார். அம்மாவுக்கு மறுபடியும் முறுக்கு கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த அக்கா கடையைத் திறந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மதி பக்கத்தில் நின்றாள். ஜெபகுமார் உற்சாகமாக ஓடி வந்தான்.

"மதி, எனக்கு ஒரு யோசனை! நாம எல்லாரும் சேர்ந்தா பரசுராமன் கடையை மூட வெச்சிடலாம். அந்த ஆளு மோசம். அக்கா நல்லவங்க. அக்கா கடை மட்டும் இருந்தாப் போதும்!"

"வேணாம்டா," என்றாள் மதி.

"ஏன் வேணாம்? அக்கா நம்மை ஏமாத்துவாங்களா?"

மதி அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கக்கா. அவர் கடை மூடிட்டா நீங்க எவ்வளவு வாங்குவீங்க?"

பம்பில் இருந்த அக்காவின் கை நின்றது. எதிர்க் கடையைப் பார்த்தார். மதியைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இப்பதான் சர்ச்சுலேர்ந்து வரேன், பொய் சொல்லக் கூடாது… அவன் மட்டும் இல்லேன்னா, நானும் ரெண்டு ரூபா கேப்பேன்டி!"